இனாமாக வந்த நாற்காலி அல்ல

2022 மார்ச் 4ஆம் தேதி ஆர். பிரியா சென்னை மாநகராட்சியின் மேயரானார். பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி அது. அதே நாளில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஆவடி மாநகராட்சியில் ஜி. உதயகுமார் மேயரானார். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. அம்பத்தூரில் குடியிருந்து ஆவடிக்கு ரயிலேறி வேலைக்குப் போகிற எனக்கு, தண்டவாளத்தின் ரெண்டு பக்கமும் நம்மாளுங்களே மேயர்.

எங்க தெருவில் சந்தோஷம்தான். எங்கம்மா மட்டும் டிவியைப் பார்த்தபடி, “இந்தப் பொண்ண நிம்மதியா ஒக்கார உடுவாங்களாடா?” என்று கேட்டாள்.

அவள் பயம் காரணமில்லாத பயம் அல்ல. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30ஆம் தேதி, பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், உடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் முறையாகத் தேர்தல் நடந்து தலித் தலைவர்கள் பொறுப்பேற்க 2006 ஆகிவிட்டது. பத்து வருஷம்! அரசியல் சட்டம் கொடுத்த நாற்காலியை ஊர் கொடுக்க மறுத்தது.

வேலையிடத்தில் ஒருவர் சொன்னார்: “கோட்டாவுல வந்த மேயர்தானே. ஒபாமா கோட்டாவுலயா வந்தாரு?”

2008 நவம்பரில் ஒபாமா ஜெயித்தபோது இதே ஆட்கள்தான் வெள்ளை மாளிகையில் ஒரு கறுப்பர் என்று பூரித்துப் போனார்கள். அதே வருஷம் மே மாதம்தான் உத்தப்புரத்தில் தலித்துகளின் வழியை மறித்து நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை அரசு இடித்தது. அதைப் பற்றி இவர்கள் வாய் திறக்கவில்லை. கடல் தாண்டிய நிறவெறி தெரிகிற கண்ணுக்கு உள்ளூர்ச் சுவர் தெரிவதில்லை.

ஒபாமாவும் சும்மா வந்துவிடவில்லை. 1965இல் செல்மா நகரத்துப் பாலத்தில் கறுப்பின மக்கள் போலீஸ் தடியடி வாங்கினார்கள். அந்த வருஷமே வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 43 வருஷம் ஆயிற்று. அங்கே செல்மா என்றால் இங்கே மேலவளவு. சட்டத்தின் பின்னால் ரத்தம் இருக்கிறது. ‘கோட்டா’ என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

நம் வரலாறும் 2022இல் ஆரம்பிக்கவில்லை. ஜே. சிவசண்முகம் பிள்ளை 1937இலும், என். சிவராஜ் 1945இலும் இந்த நகரத்தின் மேயர்கள் ஆனவர்கள். பிரியா முதல் தலித் பெண் மேயர். அவருக்கு முன்னால் யாருமே இல்லாதது போலப் பேசுவது நம் முன்னோரை இன்னொரு முறை சேரிக்கு வெளியே தள்ளுகிற வேலை.

ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவித்தது. ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். ஒருநாள் இந்த நாற்காலி பொதுவாகிவிடும். அன்றைக்கு எந்தக் கட்சி ஒரு தலித்தின் பெயரைச் சொல்லப்போகிறது? ஒதுக்காத நாற்காலியில் நம்மை உட்கார வைக்கிற மனசு இவர்களுக்கு வருகிறவரைக்கும் ஒதுக்கீட்டை விடமாட்டோம். அது யாரும் போட்ட பிச்சை இல்லை.