காஸி, விக்ராந்த், கிருஷ்ணன்: 1971 குறித்து ஒரு மறுமதிப்பீடு

திருநெல்வேலிச் சீமையில் கப்பல் என்று எடுத்தால் பேச்சு வ.உ.சி.யோடு நின்றுவிடும். ஆரல்வாய்மொழிக்கு அப்பால், நாகர்கோவிலில் 1919இல் பிறந்து, வங்கதேசப் போரில் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணனை இந்த வட்டாரம் அதிகம் நினைப்பதில்லை. நினைப்பவர்களும் பாகிஸ்தானின் நீர்மூழ்கியான ‘காஸியை மூழ்கடித்தவர்’ என்கிறார்கள். அவருக்குச் சேர வேண்டிய பெருமை அதுவன்று என்பதே என் வாதம்.

டஃபரின் பயிற்சிக் கப்பலில் பயின்றவர். 1941இல் பாரசீக வளைகுடாவில் காட்டிய துணிச்சலுக்காக டி.எஸ்.சி. பதக்கம் பெற்றார். 1961இல் ஐ.என்.எஸ். டெல்லியின் கேப்டனாக தியூவில் போரிட்டார். பின்னாளில் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தையும் நடத்தியதுதான் நமக்கு முக்கியம். அதன் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துப்படி.

1971இல் விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல், வேகம் குறைந்திருந்தது. அதைத் தேடி நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து காஸி நீர்மூழ்கி கிளம்பியது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவைத்துவிட்டு, பழைய நாசகாரிக் கப்பலான ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேசவைத்தார். விசாகப்பட்டினக் கடைத்தெருவில் ஒரு பெரிய கப்பற்படைக்கே வேண்டிய அரிசியும் காய்கறியும் இறைச்சியும் சொல்லிவைக்கப்பட்டன. தாயின் உடல்நிலையை விசாரித்து விக்ராந்த் மாலுமி ஒருவர் அனுப்புவதாகச் சாதாரணத் தந்தி ஒன்றும் போனது. ரகசியம் கசிய வேண்டும் என்பதே உத்தரவு! கடைக்காரர் வாயைவிட வேகமான ஒற்றர் உண்டா?

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்நீர்க் குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. தான் விதைத்த கண்ணியிலேயே சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. உள்வெடிப்பு என்போரும் உண்டு. இந்த வழக்கில் எப்படித் தீர்ப்பானாலும் கிருஷ்ணன் தோற்கமாட்டார். காஸி விசாகப்பட்டினத்து வாசலில் கிடந்த வேளையில் விக்ராந்த் அங்கே இல்லை. டிசம்பர் 4 அன்று அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. ஒரு நீர்மூழ்கியை அழித்ததைவிட, முடமான கப்பலை எதிரியின் கணக்கிலிருந்து மறைத்து வேலை வாங்கியது பெரிது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. விசாகப்பட்டினத்தில் கண்ணி விதைப்பதும் காஸியின் பணிகளுள் ஒன்று. ஏமாற்று இல்லாவிட்டாலும் அது அங்கே வந்திருக்கலாம். கடைத்தெருக் கதையும் தந்திக் கதையும் பெரிதும் கிருஷ்ணனின் தன்வரலாற்றிலிருந்தே வருபவை. தளபதிகள் தம் தந்திரங்களைக் கூட்டிச் சொல்வது வழக்கம்தான். இருந்தும், ஏமாற்று பலித்ததா என்ற கேள்வியில்தான் இந்த மறுப்பு செல்லும். விக்ராந்தை எங்கே வைப்பது என்ற முடிவை அது தொடவில்லை. அந்த முடிவு கிருஷ்ணனுடையது.