துணை அட்டையும் பழுதறிதலும்: மெய்நிகர் எந்திர ஹோஸ்ட்களின் பிணைய அமைப்பு குறித்து

மெய்நிகர் எந்திரங்களைத் தாங்கும் ஹோஸ்ட் சர்வரில் குறைந்தது இரண்டு பிணைய அட்டைகள் இருக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரே பெட்டியில் பல பத்து எந்திரங்கள் ஓடும்போது ஒரு கேபிள் அறுந்தால் அத்தனையும் ஒரே கணத்தில் தொடர்பிழந்துவிடும். ஆனால் முதல் அட்டையின் பாதை கெட்டுவிட்டது என்பதை எந்த மென்பொருள், எதைப் பார்த்து முடிவு செய்கிறது? அமைப்புப் பணியில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. அட்டைகள் எத்தனை, அவற்றின் வேகம் என்ன என்பதெல்லாம் இரண்டாம் நிலைக் கேள்விகள். துணை அட்டையின் பயனைத் தீர்மானிப்பது பழுதை அறியும் முறைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விஎம்வேர் மெய்நிகர் ஸ்விட்ச் நிறுவியவுடன் பழுதறிதலுக்கு இணைப்பின் நிலையை மட்டுமே நம்புகிறது. பல அட்டைகளை ஒரே குழுவாக இணைக்கும் லினக்ஸ் பாண்டிங்கில் பலரும் வைக்கும் அமைப்பு, 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை அட்டையின் இணைப்பைப் பார்ப்பது. இரண்டும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: கேபிளின் மறுமுனையிலிருந்து சமிக்ஞை வருகிறதா? கேபிள் கழன்றால், ஸ்விட்ச் மின்சாரம் இழந்தால், போர்ட் எரிந்தால் இக்கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும். அதைத் தாண்டிய பழுதுகள் இதன் பார்வைக்கு எட்டுவதில்லை.

ஒரு பழுதை அருகில் சென்று பார்ப்போம். ஸ்விட்சில் யாரோ பராமரிப்பு வேலை செய்கிறார். ட்ரங்க் போர்ட்டின் அனுமதிப் பட்டியலைத் திருத்தும்போது ஒரு விலான் எண் விடுபட்டுப்போகிறது. ஹோஸ்ட்டில் பாண்டிங்கின் நிலைக் கோப்பைத் திறந்தால் இரண்டு அட்டைகளுக்கும் நேராக ‘அப்’ என்றே இருக்கும். இணைப்பு முறிந்த எண்ணிக்கையும் கூடியிருக்காது. ஆனால் அந்த விலானில் உள்ள எந்திரங்கள் அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமும் ஸ்விட்சின் வாசலிலேயே கைவிடப்படுகிறது. பக்கத்தில் முழு நலத்துடன் இருக்கும் இரண்டாவது அட்டையை யாரும் கூப்பிடுவதில்லை. ஸ்விட்சின் மேல்நிலை இணைப்பு அறுந்து, சர்வர் பக்கப் போர்ட்கள் மட்டும் உயிரோடு இருக்கும்போதும் இதே கதைதான்.

சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984-இல் வெளியிட்ட ‘முனைக்கு முனை’ வாதம் இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. ஒரு செயல் சரியாக முடிந்ததா என்பதை முனைகளில் இருப்பவர்களே முழுமையாக அறிய முடியும். இடையிலுள்ள அடுக்கு செய்யும் சரிபார்ப்பு வேகத்துக்கு உதவலாம், முழு உத்தரவாதம் ஆகாது. கேபிளின் சமிக்ஞை அப்படிப்பட்ட இடையடுக்குச் சரிபார்ப்புதான். 2017-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் பிறரும் எழுதிய ‘சாம்பல் நிறப் பழுது’ குறித்த கட்டுரை, மேகக் கணிமையில் பெரும் தொல்லைகளுக்குக் காரணம், பயன்படுத்துபவர் உணரும் பழுதைக் கண்காணிப்பு மென்பொருள் உணராத இடைவெளிதான் என்று காட்டியது. இரண்டு அட்டைகள் கொண்ட ஒற்றை ஹோஸ்ட்டுக்குள்ளும் அதே இடைவெளி இருக்கிறது.

மாற்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் உண்டு. லினக்ஸில் ஏஆர்பி கண்காணிப்பு, கேட்வே போன்ற முகவரிகளை இடைவிடாமல் விசாரித்து, பதில் வராத அட்டையை ஒதுக்குகிறது. ஒரே முகவரியைக் கொடுத்திருந்தால் அந்த கேட்வே சாய்ந்ததும் இரண்டு அட்டைகளும் கெட்டவையாகத் தோன்றும். ஆகவே குறைந்தது இரண்டு இலக்குகள் வேண்டும். ஹோஸ்ட்டுக்கே முகவரி இல்லாத விலான்களில் இது எதையும் சோதிக்காது. விஎம்வேரின் பீக்கன் முறையில் ஓர் அட்டை அனுப்பும் ஒலிபரப்பு மற்ற அட்டைகளுக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்கப்படுகிறது. இரண்டே அட்டைகள் இருந்தால், பீக்கன் காணாமல்போகும்போது குற்றவாளி எது என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவது சாட்சி இல்லை. அதனால்தான் மூன்று அட்டைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

பல இணைப்புகளை ஒரே குழுவாக்கும் எல்ஏசிபி நெறிமுறையை ஆதரிப்பவர்களின் எதிர்வாதம் வலுவானது. 2000-இல் 802.3ஏடி தரமாக வந்த இந்த நெறிமுறையில் இரு முனைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. சமிக்ஞை இருந்தும் ஸ்விட்ச் உறைந்துவிட்டால் அந்தப் பேச்சு நிற்கும்; ஹோஸ்ட் விழித்துக்கொள்ளும். இது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் மெதுவான கால அமைப்பில் செய்தி 30 வினாடிக்கு ஒருமுறைதான் வரும். மூன்று தவறினால்தான் பழுது என்று முடிவாகும். அதாவது 90 வினாடி. வேகமான அமைப்பில் இது 3 வினாடியாகக் குறைகிறது. ஆனால் பேச்சு அடுத்த ஸ்விட்சோடு முடிந்துவிடுவதால், விடுபட்ட விலானையும் அறுந்த மேல் இணைப்பையும் எல்ஏசிபியும் காண்பதில்லை. லினக்ஸில் இந்த முறையைத் தேர்ந்தால் ஏஆர்பி கண்காணிப்பைச் சேர்த்துப் பயன்படுத்தவும் முடியாது. இன்னொன்று எனக்கு மேலும் கவலை தருகிறது: இரண்டு ஸ்விட்சுகளில் ஒரே எல்ஏசிபி குழுவை அமைக்க வேண்டுமானால் அவை இரண்டும் ஹோஸ்ட்டின் முன் ஒரே ஸ்விட்சாக நடிக்க வேண்டும். கட்டுப்பாட்டில் ஒன்றுபட்ட இரண்டு கருவிகள் ஒரே ஃபர்ம்வேர் பிழையில் ஒன்றாகவே விழும் வாய்ப்பு அதிகம். அலைவரிசை கூடுதலாகக் கிடைக்கும் என்ற ஆசையும் அரைகுறையாகவே நிறைவேறுகிறது. ஒரு தனித் தரவோட்டம் எப்படியும் ஒரே கேபிளின் வேகத்தைத் தாண்டாது. எனவே அலைவரிசைத் தேவை மெய்யாகவே நிரூபிக்கப்படாத இடங்களில், ஸ்விட்சைச் சாராத எளிய குழுவையே நான் பரிந்துரைக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2016-இல் ஹைப்பர்-வி ஸ்விட்சுக்குள் கொண்டுவந்த குழு முறை ஸ்விட்சைச் சாராத வகையை மட்டுமே ஏற்கிறது.

அந்த எளிய குழுவுக்குத் துணையாக ஸ்விட்ச் பக்கம் ஒரு வேலை செய்ய வேண்டும். மேல் இணைப்புகள் அனைத்தும் அறுந்தால் சர்வர் பக்கப் போர்ட்களையும் ஸ்விட்சே இறக்கிவிடும் வசதி பல ஸ்விட்சுகளில் இருக்கிறது. தொலைவில் நேர்ந்த பழுது அப்போது ஹோஸ்ட்டின் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டு போர்ட்களும் ஒரே அட்டையில் இருந்தால், அந்த அட்டையே பழுதாகும்போது இவை எதுவும் உதவாது என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

பழைய பாதைக்குத் திரும்பும் கணம் இன்னும் ஆபத்தானது. மறுதொடக்கம் ஆகும் ஸ்விட்ச், ஃபிரேம்களைக் கடத்தத் தயாராகும் முன்பே போர்ட்களுக்கு உயிர் கொடுத்துவிடலாம். பழைய ஸ்பானிங் ட்ரீ நடைமுறையில், விளிம்புப் போர்ட் என்று குறிக்கப்படாத போர்ட் கேட்கும் நிலையில் 15, கற்கும் நிலையில் 15 என 30 வினாடி கடத்தாமல் நிற்கும். சமிக்ஞை வந்ததும் ஹோஸ்ட் பழைய அட்டைக்குத் தாவினால் அந்த 30 வினாடியும் எந்திரங்களுக்கு இருட்டு. முதல் பழுதில் ஒன்றும் இழக்காதவர்கள் அது சரியான பிறகு இழக்கிறார்கள். தானாகத் திரும்புவதை நிறுத்திவைப்பதும், லினக்ஸில் ‘அப்டிலே’ மதிப்பைத் தாராளமாகக் கொடுப்பதும் எவ்விதச் செலவும் இல்லாத காப்புகள்.

இத்தனைக்கும் மேலே, பழுதான ஹோஸ்ட்டின் எந்திரங்களை வேறு ஹோஸ்ட்டில் எழுப்பும் ஹெச்ஏ வசதி இருக்கிறதே என்ற நம்பிக்கையும் ஆய்வுக்குரியது. விஸ்ஃபியர் ஹெச்ஏ ஹோஸ்ட் நலமா என்பதை மேலாண்மைப் பிணையத்தின் வழியாகவும் பொதுச் சேமிப்பகத்தின் வழியாகவும் அறிகிறது. எந்திரங்களின் பிணையம் மட்டும் அறுந்து மேலாண்மைப் பாதை நன்றாக இருந்தால், அதன் கணக்கில் எந்தக் கோளாறும் இல்லை. எந்திரங்கள் வேறு ஹோஸ்ட்டுக்குப் போகாமல் தொடர்பின்றி ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில் வந்த ‘பாதுகாக்கப்பட்ட பிணையம்’ இந்த இடத்தைக் கவனிக்கிறது. பிணைய இணைப்பு துண்டானால் எந்திரத்தை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துகிறது. அதுவும் இணைப்பு முறிவையே சான்றாகக் கொள்வதால், விடுபட்ட விலானின் முன் அதற்கும் வழி தெரியாது.

ஏற்புச் சோதனையில் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கத்தை இதனால்தான் ஏற்க முடியவில்லை. கருவி எந்தப் பழுதைக் காண வல்லதோ அந்த ஒன்றையே அதற்குக் காட்டித் தேர்ச்சி வழங்குகிறோம். கேபிளைத் தொடாமல் ட்ரங்க்கிலிருந்து ஒரு விலானை நீக்க வேண்டும். ஸ்விட்சின் மேல் இணைப்பை இறக்க வேண்டும். ஸ்விட்சின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கி, அது எழும் நேரம் முழுவதும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஹோஸ்ட்டிலிருந்து அல்ல, ஒவ்வொரு விலானிலும் ஒரு மெய்நிகர் எந்திரத்துக்குள்ளிருந்து வெளியே பிங் அனுப்பி, விடுபட்ட வினாடிகளை எண்ணி ஆவணத்தில் பதிய வேண்டும்.