கரிய மணலும் நோய்க் கணக்கும்

கன்னியாகுமரிக்கு வடமேற்கே மணவாளக்குறிச்சிக் கரையில் நின்றோர், அலை ஒதுக்கிய மணலில் கரிய படலம் படிந்திருக்கக் கண்டிருப்பர். அக்கருமையைத் தருவது இல்மனைட். அதனூடே மஞ்சளாய்க் கலந்து கிடப்பது மோனசைட்; தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் அதில் அடங்கியுள்ளது. வடக்கே கொல்லம் மாவட்டத்தின் நீண்டகரை, சவறா ஊர்களிலும் இத்தகைய மணலே.

1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அந்நாளில் காஸ் விளக்கின் மாண்டில் செய்யத் தோரியம் வேண்டியிருந்தது. ஆகவே நம் கரையின் மணல் கப்பலேறிற்று. மேலை நாட்டு வீதிகள் ஒளிபெற்றன. சுதந்திரத்திற்குப் பின், 1950-இல், இந்திய அருமண் நிறுவனம் தோன்றிற்று.

மணலின் விலையை உலகம் அறிந்தது. அம்மணல்மேல் குடிலமைத்து, மீன் உலர்த்தி, மக்களைப் பெற்று வளர்ப்போரின் நிலை யாது? வெளி மாநிலங்களில் வாழும் நம்மை நோக்கி, "உங்கள் கடற்கரையில் குடியிருந்தால் புற்றுநோய் வருமாமே?" என வினவுவோர் உண்டு. அச்சத்தால் 'ஆம்' என்பதும் ஊர்ப்பற்றால் 'இல்லை' என்பதும் விடையாகா. எண்ணிப் பார்த்தலே விடை.

அவ்வாறு எண்ணியது, சவறா, நீண்டகரை ஆகியவை அடங்கிய கருநாகப்பள்ளி வட்டம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990-இல் அங்கே நோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கிற்று. பணியாளர் வீடுவீடாகச் சென்று குடும்ப விவரம் குறித்தனர். வீட்டின் உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்தனர். திறந்த வெளியில் மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மில்லிகிரே. இக்கரையின் சில இடங்களிலோ அது 70 மில்லிகிரே வரை எட்டிற்று.

முப்பது வயதுக்கு மேற்பட்ட 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2005 இறுதிவரை 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. 2009-இல் வெளியான முடிவு இது: மிகுந்த கதிர்வீச்சில் வாழ்ந்தோரிடையே அதனால் நோய் மிகுந்ததாகத் தெரியவில்லை. அதே மக்களிடையே நடந்த மற்றோர் ஆய்வு, பீடி புகைத்த ஆடவரிடம் நுரையீரல் புற்று மிகுந்திருப்பதைக் காட்டிற்று.

இதனைக் கொண்டு கதிரியக்கம் தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியோரின் வரலாறு அதனை மறுக்கும். ஒரே நொடியில் தாக்கும் பெருங்கதிர் வேறு. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்வது வேறு. பின்னதன் சிறு தீங்கு இத்துணைப் பேரின் கணக்கில் புலப்படாமலும் இருக்கலாம்.

எனினும், ஊரார் காலடி மண்ணை நஞ்செனப் பழித்து, கையிலுள்ள பீடியை மறந்துவிடுதல் அறிவுடைமையன்று. இனி நம்மை வினவுவோர்க்கு இக்கணக்கையே விடையாகக் கூறுவோம்.