காலதரும் கூதிர்ப்பள்ளியும்

மனையின் உறுப்புக்களைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ‘காலதர்’ என்பது தனித்து எண்ணத்தக்கது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மாளிகைகளின் காலதர்களை மானின் கண்ணோடு ஒப்பிடுகின்றது. இவ்வுறுப்புக்கு வழங்கும் பிற சொற்களை நோக்குக. சாளரம் என்பது வலை எனப் பொருள்படும் வடசொல்லோடு தொடர்புடையது. பின்னலமைந்த அதன் தோற்றத்தைச் சுட்டுவது. சன்னல் போர்த்துக்கீசியர் வழி வந்தது. காலதர் ஒன்றே அவ்வுறுப்பு செய்யும் தொழிலைச் சொல்கின்றது. ஆங்கிலத்து ‘விண்டோ’ என்பதும் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லின் வழியது. தொடர்பற்ற இரு மொழியினர் ஒரே உறுப்பில் காற்றையும் கண்ணையும் கண்டமை வியப்பன்று. தொழில் ஒன்றாதலின் கருத்தும் ஒன்றாயிற்று.

இச்சொல்லாராய்ச்சி இன்று வேறொரு காரணத்தாலும் வேண்டப்படுகின்றது. உலக மக்கள் துய்க்கும் ஆற்றலில் ஏறத்தாழ 30 விழுக்காடு கட்டடங்களை இயக்குதற்கே செலவாகின்றது. மின்சாரத்தின் பொருட்டு நிலக்கரி எரிகின்றது, கரியமில வாயு மிகுகின்றது, வெம்மை ஏறுகின்றது, ஏறிய வெம்மைக்கு அஞ்சிக் குளிர்சாதனங்கள் பின்னும் பெருகுகின்றன. குறைந்த ஆற்றலால் வாழத்தக்க கட்டடங்களே இச்சுழலை அறுக்கும் வழிகளுள் ஒன்று என அறிஞர் கூறுவர். அத்தகைய அமைப்பினைப் பழந்தமிழர் அறிந்திருந்தனரா? ‘எல்லாம் அறிந்திருந்தனர்’ என்று பெருமை பேசுவாரும், ‘யாவும் புலவர் கற்பனை’ என்று ஒதுக்குவாரும் உளர். இருசாராரும் நூலைப் பொறுமையுடன் நோக்கவில்லை என்பது எம் கருத்து.

நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோம். அது கூதிர்காலத்தைப் பாடுவது. வாடையும் தூவலும் நகரை நடுக்குகின்றன. வேனிற்காலத்தில் துயிலும் வேனிற்பள்ளிக்குத் தென்றலைத் தரும் பலகணி அப்போது திறக்கப்படவில்லை. அதன் கதவம் தாழிடப்பட்டுக் கிடக்கின்றது. சிவந்த ஆலவட்டம் சுருக்கித் தொங்கவிடப்பட, அதன்மேல் சிலம்பி நூல் பின்னியுள்ளது. சாந்தரைக்கும் வட்டக்கல் பயனற்றுக் கிடக்கின்றது. மக்கள் தண்ணீரை விலக்கித் தடவில் இட்ட நெருப்பை நாடுகின்றனர். ஈண்டு ஒன்று கருதுதல் வேண்டும். புலவர் அப்பலகணியைப் புகழ வந்தவரல்லர். குளிரின் கொடுமையைக் காட்ட வந்தவர், அது மூடிக்கிடந்ததை இடையே சொல்லிச் செல்கின்றார். புகழ்ச்சிக்கு மிகைபடக் கூறுதல் இயல்பு. தற்செயலாக வந்து விழும் செய்திக்கு அவ்வியல்பு இல்லை. ஆதலின் தென்றல் வரும் திசை நோக்கி வாயில் அமைத்தலும், பருவத்திற்கேற்ப அதனைத் திறத்தலும் அடைத்தலும் கேட்போர் அனைவரும் அறிந்த வழக்கமாகவே இருந்திருத்தல் வேண்டும்.

அந்நூலே அரண்மனை வகுத்த முறையையும் கூறுகின்றது. ஞாயிறு ஒருபுறமும் சாயாத நண்பகலில், நட்ட இரு கோல்களின் நிழலைக் கொண்டு, நூலறி புலவர் கயிறிட்டுத் திசை கண்டனர். அதன் பின்னரே மனையை வகுத்தனர். தெய்வ வழிபாடும் அச்செயலோடு சேர்த்தே சொல்லப்படுகின்றது. ஆதலின் திசைகோடல் முழுவதையும் வெப்பத்தின் பொருட்டெனக் கொள்ளுதல் பொருந்தாது.

சிலப்பதிகாரம் இச்சான்றினை வலியுறுத்துகின்றது. மனையறம் படுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் மாடத்தின் இடைநிலத்தில் இருக்க, சாளரத்தின் குறுங்கண் வழியே தென்றல் நுழைகின்றது. அதன்பின் அவர்கள் திறந்த அரமியத்திற்கு ஏறுகின்றனர். அந்திமாலைச் சிறப்புச்செய் காதை, காதலரைப் பிரிந்த மகளிர் வேனிற்பள்ளியை நீங்கிக் கூதிர்ப்பள்ளியின் குறுங்கண்ணை அடைத்ததைச் சொல்கின்றது. ஒரே மனைக்குள் பருவந்தோறும் மக்கள் இடம் மாறினர் என்பது இவற்றால் புலனாகும். இன்று நாம் ஓரறையில் நிலைத்திருந்து அவ்வறையின் பருவத்தைப் பொறியால் மாற்றுகின்றோம். அவர்கள் பருவத்தை விடுத்து அறையை மாற்றினர். இவ்வேறுபாடே எம் ஆராய்ச்சியின் உயிர்நிலை.

எனினும் இவை வளமனைகளின் செய்திகள். பல பள்ளிகள் உடையார்க்கே பள்ளி மாறுதல் இயலும். ஆலவட்டம் தானே அசைவதன்று. சாந்தும் தானே அரைபடுவதன்று. மின்னாற்றல் செலவாகாத அம்மாடங்களில் ஏவலரின் கையாற்றல் செலவாயிற்று. எளியோர் மனைக்குப் பெரும்பாணாற்றுப்படையின் எயினர் குடிலைக் காண்க. ஈத்திலை வேய்ந்த அதன் கூரை முள்ளம்பன்றியின் முதுகை ஒத்தது. இலைக்கூரை வெயிலை எளிதில் உள்ளே விடாது. தீக்கும் மழைக்கும் அஞ்சி ஆண்டுதோறும் வேய்தல் வேண்டும். அக்குடிலில் வாழ்ந்தவர் காங்கிரீட்டுக் கூரையை விரும்பியதைக் குறைகூற எமக்கு உரிமை இல்லை.

ஆயின் அக்கூரை பகலெல்லாம் வெயிலை உண்டு இரவில் அறைக்குள் உமிழ்வது. சென்னையில் முன்பு வழங்கிய மட்டப்பாக் கூரை, மரத் துலாக்களின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்பில் குத்திட்டுப் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் பரப்பி அமைக்கப்பட்டது. தடித்தது, வெப்பம் மெல்லவே இறங்கும். அது மறைந்த இடத்தில் மெல்லிய கூரையும், அடைத்த சன்னலும், மின்பொறியும் வந்தன.

நடுவண் அரசு ஆற்றற் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பினை 2007இல் வெளியிட்டது. இல்லங்களுக்கென 2018இல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ வந்தது. கூரை வழி இறங்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஒரு பாகை வேறுபாட்டில் 1.2 வாட்டுக்கு மிகலாகாது என்று அது வரம்பு கட்டுகின்றது. சென்னை போன்ற வெம்மையும் ஈரமும் உடைய ஊர்களில், திறக்கத்தக்க வாயிற்பரப்பு தரைப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும் என்கின்றது. காலதர் மீண்டும் விதியாயிற்று எனலாம். ஆயினும் அவ்விகிதம் வாயிலின் பரப்பை அளக்கின்றதேயன்றிக் காற்று வரும் திசையை அளப்பதன்று. திறக்கத்தக்க சன்னல் திறக்கப்படுமா என்பதும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. நெடுநல்வாடையின் புலவர்கள் திசையை முதலிலும் பரப்பைப் பின்னரும் கொண்டனர். இம்முறைவைப்பு விதியாக்குவோர் கருத்திற்கும் உரியது. உரையாசிரியர்கள் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி ஆகியவற்றுக்குத் தரும் விளக்கங்களை வேறொரு கட்டுரையில் ஆராய்வோம்.