தெமோதரை வளைவும் அசைவுப் புலக்காட்சியும்

தெமோதரைப் புகையிரத நிலையத்திலிருந்து பதுளை நோக்கிப் புறப்படும் வண்டி, குன்றொன்றைச் சுற்றி இறங்கி, தான் சற்றுமுன் நின்ற நிலையத்தின் கீழமைந்த சுரங்கத்துள்ளேயே புகுகின்றது. 1924இல் பதுளைவரை பூர்த்தியான இப்பாதையைப் பொறியியல் வரலாறு போற்றும். மனிதக் கண் அசைவினை அறியும் முறையை ஆராய்வதற்கும் இஃது ஏற்ற களமென்பது எமது கருத்தாகும்.

கண் ஒரு கணத்துக் காட்சியை மட்டும் கொண்டு உலகை அறிவதில்லை. விழித்திரையில் அடுத்தடுத்து விழும் பிம்பங்களின் வேறுபாட்டைக் கொண்டே தூரத்தையும் அசைவையும் உய்த்துணர்கின்றது. யன்னலருகே இருப்போருக்கு அண்மையிலுள்ள தேயிலைச் செடிகள் விரைந்து பின்னோடுகின்றன. தொலைமலைகளோ மெல்ல நகர்கின்றன. இவ்வேறுபாடு தூரத்தைப் புலப்படுத்துவதை ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தமது உடற்றொழிலியல் ஒளியியல் நூலில் விளக்கினார். அந்நூல் நிறைவெய்திய 1867ஆம் ஆண்டிலேயே கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டது.

ஆயினும், பிம்பம் இடம்பெயர்ந்தமை மட்டும் அசைந்தது எதுவென்று கூறிவிடாது. 1929இல் கார்ல் டுங்கர் இவ்வினாவை ஆராய்ந்தார். சூழ்ந்துள்ள சட்டகம் நிலையானதாகவும், அதனுள் இருக்கும் சிறுபொருள் அசைவதாகவுமே மனம் கொள்ளுகின்றது. உண்மையில் அசைந்தது சட்டகமாயினும் தோற்றம் மாறுவதில்லை. முகில் ஓட நிலா ஓடுவதாகத் தெரிவது இதனாலேயே.

இவ்வுண்மை மலையக வரலாற்றையும் நோக்கத் துணைசெய்கின்றது. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர் ஊவாத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கோரியது; அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அவர்கள் இருந்த லயத்திலேயே இருந்தார்கள். பறித்த மலையிலேயே கொழுந்து பறித்தார்கள். நகர்ந்தது சட்டமெனும் சட்டகமே. எனினும் வந்துபோவோராகக் காணப்பட்டவர்கள் அவர்களே. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் சுமார் 975,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட முனைந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோரின் பங்கீடு 1974இலேயே தீர்மானிக்கப்பட்டது. நாடற்றோராய் எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

புலக்காட்சியின் மயக்கத்தைத் திருத்துவதும் காலமே. வளைவைச் சுற்றிவந்து நிலையத்தின் கீழ் நுழையும்போது, நிலையம் நின்ற இடத்திலேயே நின்றதையும் சுழன்றது தானே என்பதையும் பயணி உணர்கின்றான். அரசேடுகளை மட்டும் சான்றாகக் கொண்டு மலையக மக்களை எழுதும் வரலாற்றாசிரியன் இன்னும் வண்டிக்குள்ளேயே இருப்பவன். அவன் இறங்கி, மலைச்சரிவில் நின்றவர்களின் கண்கொண்டும் அப்பாதையை நோக்குதல் வேண்டும்.