நிலமா, வைப்புத்தொகையா?

பணி ஓய்வின்போது மொத்தமாகக் கிடைக்கும் தொகையை நிலத்தில் இடுவதா, வங்கியில் இடுவதா என நம்மவர் பலர் தயங்குகின்றனர். இதற்கு வரலாற்றையே விடை கேட்போம்.

செங்கற்பட்டு ஆட்சித்தலைவர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாய், 1892இல் நம் மக்களுக்கு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை இருந்தும், அப்பஞ்சமி நிலங்களுள் பல கைமாறின. அவற்றை மீட்க 1994இல் காரணை மக்கள் நடத்திய போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் ஈந்தனர். நிலத்தைப் பெறுவதினும் காப்பது அரிது.

வங்கியும் கைவிட்டதுண்டு. 1906இல் சென்னை அர்பத்னாட் நிறுவனம் முறிந்தபோது எண்ணற்றோர் சேமிப்பை இழந்தனர். இன்று, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. இவ்வரம்பு 2020இல் உயர்த்தப்பட்டது. எனினும் விலைவாசி ஏற்றம் வட்டியை விழுங்கிவிடும். நிலமோ, மருத்துவச் செலவு வந்த அன்றே பணமாகாது.

ஆகவே முழுத்தொகையையும் ஓரிடத்தில் முடக்காதிருப்போம். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே நிலம் வாங்குவோம். அவசரத்திற்கென ஒரு பங்கை வங்கியில் வைப்போம். மற்றொரு பங்கு நம் பிள்ளைகளின் கல்விக்கு ஆகட்டும். அச்சொத்தை எவரும் எழுதி வாங்கிக்கொள்ள இயலாது.