பள்ளிக்கூடத்திலும் அரைப்பேரா?

கனடாவில் இருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். கிளிநொச்சியில் பிறந்தவர். அவருடைய தாத்தா 1977 வன்செயலுக்குப் பிறகு இராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்குப் போனவர். “அண்ணன், வலப்பனைப் பக்கம் உங்கட தோட்டத்துப் பிள்ளையளுக்கு மாதாமாதம் காசு அனுப்ப நாங்கள் நாலைஞ்சு பேர் இருக்கிறம். ஆனா சும்மா குடுக்கேலாது. ஒரு நாளும் தவறாமப் பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கும் சோதினையில நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளைக்கும் குடுப்பம். அப்பதான் படிக்குங்கள்” என்பது அவருடைய வாதம்.

இதில் புதிதாக எதுவும் இல்லை. யுத்தத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இந்த மாதிரியான உதவி எத்தனையோ ஊர்களுக்கு வந்திருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு மாதக் கொடுப்பனவு வரும், ஆனால் தவணைப் பரீட்சை அறிக்கையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். உங்களில் பலர் அந்தக் காசைக் கொடுத்திருப்பீர்கள், அல்லது வாங்கியிருப்பீர்கள். நண்பருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. இரண்டு வாரம் கேட்டேன். வரவுக்குக் காசு என்றதும் எனக்கு அம்மாவின் சம்பளச் சீட்டுத்தான் ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அதற்கு மேல் வரவுக் கொடுப்பனவு என்று ஒன்று இருந்தது. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய், வரவுக் கொடுப்பனவு 140, தேயிலை விலைக்கான மேலதிகம் 30, எல்லாமாக நாளொன்றுக்கு 620 ரூபாய். அந்த 140 ரூபாயைப் பெறத் தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதமாவது வேலைக்குப் போயிருக்க வேண்டும். 2016 ஒப்பந்தத்தில் வரவுக்கு 60 ரூபாயும் உற்பத்திக்கு 140 ரூபாயுமாக அது பிரிந்தது. 2019 ஜனவரியில் இரண்டையும் எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கினார்கள்.

அந்த 140 ரூபாய்க் காலத்தில் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அம்மா பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. 25 நாள் வேலை கொடுத்த மாதம், அவருடைய பேர் 15. விழுக்காடு 60. போகாத நாட்களுக்குச் சம்பளம் இல்லை, அது நியாயம். ஆனால் மழையில் நனைந்து வேலை செய்த 15 நாட்களுக்குமான வரவுக் கொடுப்பனவும் போய்விட்டது. 2,100 ரூபாய். இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. மாத நடுவில் விழுக்காடு எட்டாது என்று தெரிந்துவிட்டால் பக்கத்து லயத்துப் பெண்களும் மிச்ச நாட்களுக்கு வீட்டில் நின்றுவிடுவார்கள். “இனிப் போய் என்னத்துக்கு” என்பார்கள். வரவைக் கூட்டுவதற்காக வைத்த கோடு, அதைத் தாண்ட முடியாதவர்களை வீட்டிலேயே இருத்தியது.

பிள்ளைகளுக்கும் இதே கோட்டைப் போடப் போகிறோமா என்பதுதான் என் கேள்வி.

வலப்பனைப் பகுதித் தோட்டங்களில் பிள்ளைகள் ஏன் பாடசாலைக்கு வருவதில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையில்லை, ஒரு வாரம் காலை ஏழு மணிக்குச் சந்தியில் நின்றால் போதும். ஐந்தாம் தரம் வரை பல பிள்ளைகளுக்குப் பாடசாலை தோட்டத்துக்குள்ளேயே இருக்கும், நடந்து போய்விடலாம். ஆறாம் தரத்துக்கு டவுன் பாடசாலை. பஸ் காசு, சப்பாத்து, மழை. ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, அது காயாத நாள் லீவு நாள். தம்பி தங்கைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பேரை விடமாட்டார், மூத்த பெண்பிள்ளை பாடத்தை விடும். 10ஆம் திகதி சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக இருக்கும், அதை வகுப்பில் திறக்க வெட்கப்பட்டே வராத பிள்ளைகளை எனக்குத் தெரியும். மண்சரிவைச் சொல்லவே வேண்டாம். 2007 ஜனவரியில் வலப்பனையில் நடந்ததை இன்னும் பேசுகிறோம், 2025 நவம்பரில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தை என்ன செய்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள். பாதை இல்லாத நாளுக்கு எந்தப் பிள்ளையின் காசை வெட்டுவது?

இலங்கைச் சட்டத்தைப் பார்த்தால், 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை பாடசாலைக்குப் போவது கட்டாயம். உயர்தரத்துக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவும் வேண்டும். காசு என்று வந்தால் அரசு நீண்ட காலமாகப் புள்ளிக்குத்தான் கொடுத்து வருகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருடம்தோறும் 3 இலட்சம் அளவிலான பிள்ளைகள் தோற்றுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்து, குடும்ப வருமானமும் குறைவாக இருந்தால் மாதக் கொடுப்பனவு. 750 ரூபாயாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டம் 1,500 ஆக்கியது. இரட்டிப்பு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைய தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒரு மாதத்துக் கொடுப்பனவு, அம்மா ஒரு நாள் எடுக்கும் கொழுந்தின் கூலியைச் சற்றே தாண்டுகிறது. 2024இல் ஜனாதிபதி நிதியம் ஒரு இலட்சம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று ஒரு திட்டம் தொடங்கியது. 2025இல் அஸ்வெசும பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எழுதுகருவிகள் வாங்க 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அஸ்வெசுமக் கொடுப்பனவுக்கும் பிள்ளையின் வரவுக்கும் தொடர்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அரசே தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வரவு ஊக்குவிப்புத் தருவதாகச் சொன்னது. கொழுந்து மலைக்கு ஆள் வருவதற்குத் திறைசேரியில் காசு இருக்கிறது. அதே லயத்துப் பிள்ளை வகுப்புக்கு வருவதற்கு அப்படி ஒரு வரி அந்த ஆவணத்தில் இல்லை.

வெளியுலகில் இதை நிறையச் செய்து பார்த்திருக்கிறார்கள். மெக்சிகோ 1997இல் புரோகிரேசா என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளை 85 வீதம் பாடசாலைக்குப் போனால் காசு அம்மாவின் கைக்கு வரும், இடைநிலை வகுப்புப் பெண்பிள்ளைக்குக் கூடுதலாக வரும். சேர்வு கூடியது, அதிலும் ஆரம்பப் பாடசாலையை முடித்து அடுத்த பாடசாலைக்குப் போகும் கட்டத்தில்தான் அதிகம் கூடியது. எங்கள் ஐந்தாம், ஆறாம் தரச் சந்தி அதேதான். பங்களாதேசம் 1994இல் கிராமப்புற மாணவிகளுக்கு உதவித்தொகையை நாடளாவிய அளவில் கொடுத்தது. 75 வீத வரவு, 45 வீதப் புள்ளி, திருமணம் செய்யாதிருத்தல் என்று மூன்று நிபந்தனைகள்.

மலாவியில் நடந்த பரிசோதனை நண்பருக்கு நான் முதலில் அனுப்பியது. சொம்பா மாவட்டத்தில் இளம்பெண்களின் ஒரு பகுதியினருக்குப் பாடசாலைக்குப் போனால் மட்டும் காசு, இன்னொரு பகுதியினருக்கு நிபந்தனையில்லாமல் காசு. இடைவிலகலைக் குறைப்பதில் நிபந்தனைதான் வென்றது. அதை மறைக்க முடியாது, நண்பரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் படிப்பை விட்டுவிட்ட பெண்களிடையே இளவயதுத் திருமணத்தையும் கர்ப்பத்தையும் குறைத்தது நிபந்தனையில்லாத காசு. பாடசாலையை விட்ட பிள்ளைதான் அதிக ஆபத்தில் இருக்கிறாள், நிபந்தனை அவளிடமிருந்துதான் முதலில் காசைப் பறிக்கிறது.

புள்ளிக்குக் காசு வேறு கதை. அமெரிக்காவில் ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளியலாளர் சில நகரங்களில் மாணவருக்கு நேரடியாகக் காசு கொடுத்துப் பார்த்தார். நியூயோர்க்கில் பரீட்சைப் புள்ளிக்குக் கொடுத்தார், புள்ளி அசையவில்லை. டலஸில் இரண்டாம் தரப் பிள்ளைகளுக்குப் படித்து முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 2 டொலர் கொடுத்தார், வாசிப்பு முன்னேறியது. புத்தகத்தை எடுத்து வாசிப்பது பிள்ளையின் கையில் இருக்கிற காரியம். கணிதத்தில் 40ஐ 70 ஆக்கு என்றால் எப்படி என்று அதற்குத் தெரியாது. டியூஷனும் கணித ஆசிரியரும் இல்லாத இடத்தில் 5,000 ரூபாய் பரிசு அறிவித்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஏற்கெனவே முதலாவதாக வருகிற பிள்ளையே அதையும் வாங்கும்.

இதற்கு மாறான ஒன்றும் உண்டு. கென்யாவின் புசியா மாவட்டத்தில் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளில் முதல் 15 வீதத்தினருக்குப் புலமைப்பரிசில் கொடுத்தார்கள். வெல்ல வாய்ப்பில்லாத பிள்ளைகளின் புள்ளியும் உயர்ந்தது, ஆசிரியர்களும் ஒழுங்காக வரத் தொடங்கினார்கள். ஊரே அந்தப் போட்டியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டால் நடக்கக்கூடியதுதான். ஆனால் ஐந்தாம் தரப் பரீட்சையை வைத்து எங்கள் பிள்ளைகளின் பத்து வயதை நாம் என்ன செய்திருக்கிறோம் என்று தெரிந்த பிறகு, இன்னொரு போட்டியைக் கொண்டுவர எனக்குக் கை வரவில்லை.

எங்களுக்குப் பக்கத்திலும் முன்மாதிரிகள் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உதவித்தொகை கொடுக்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் 1947இலிருந்து இருக்கிறது, இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக நடக்கிறது. அது பலரைத் தூக்கிவிட்டது. ஆனால் அந்த வாசலுக்கு வருவதற்கே சாதாரண தரத்தைத் தாண்ட வேண்டும். தமிழ்நாடு 2011இல் வேறுவிதமாக யோசித்தது. அரசுப் பள்ளியில் 10, 11ஆம் வகுப்புகளுக்கு 1,500, 12ஆம் வகுப்புக்கு 2,000 என்று மாணவர் பெயரில் வைப்பிலிட்டு, படிப்பை முடித்த பிறகு வட்டியோடு கொடுத்தது. முதலாவதாக வர வேண்டியதில்லை, முடித்தால் போதும்.

நண்பரிடம் சொன்னது இதுதான். புள்ளிக்குக் காசு வேண்டாம். ஆறாம் தரத்திலிருந்து பஸ் சீசன் டிக்கெட், சப்பாத்து, இரண்டாவது சட்டை. அம்மாவின் கணக்குக்கு மாதம் ஒரு சிறு தொகை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு வைப்பு, சித்தியோ இல்லையோ. வரவைப் பார்ப்போம், ஆனால் வெட்டுவதற்கு அல்ல. பிள்ளை தொடர்ந்து ஐந்து நாள் வராவிட்டால் யாராவது ஒருவர் லயத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். வரவு இடாப்பை வைத்துக் காசு கொடுத்தால் அது செக்ரோல் ஆகிவிடும், வகுப்பாசிரியர் கணக்கப்பிள்ளை ஆகிவிடுவார். அயலவர் பிள்ளைக்குக் காசு போகக்கூடாதே என்று இல்லாத வரவைப் போடும் நல்ல மனமுள்ள ஆசிரியர்கள் எங்களிடம் நிறையப் பேர்.

“அப்ப ஏமாத்தினா?” என்று கேட்டார்.

“ஏமாற்றத்தான் செய்வார்கள், ஒன்றிரண்டு பேர்” என்றேன். சிரித்தார், ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளைக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றிப் பேசலாம்.

முதல் மாதக் காசு வந்துவிட்டது. 14 பிள்ளைகளுக்குச் சீசன் எடுத்தாயிற்று. பட்டியலில் இருந்த ஒன்பதாம் தரப் பிள்ளை ஒன்று மூன்று வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை, கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் பேசியிருக்கிறார்கள் என்று தோழி ஒருத்தி சொன்னாள். நாளை பின்னேரம், அவளுடைய அம்மா மலையிலிருந்து இறங்கியதும், நானும் பாடசாலையிலிருந்து ஓர் ஆசிரியையும் அந்த லயத்துக்குப் போகிறோம்.